பழவேற்காடு: ஏரிக்கரை ஊரின் விருந்தும் பசியும்



கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களில், பெருநாள் முடிந்த மறுநாளோ பள்ளி விடுமுறை நாளோ வந்துவிட்டால் பழவேற்காட்டுக்குப் போகும் பேச்சு எழுந்துவிடும். "அங்கே போனால் எங்கே சாப்பிடுவது? எதைச் சாப்பிடுவது? இறால் ஆகும், நண்டு ஆகாது என்கிறார்களே, உண்மையா?" என்று மதரஸாவுக்குப் பிள்ளைகளை விட வரும் பெற்றோர் கேட்பர். கடைப்பெயர் ஒன்றைச் சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் உண்பதற்கென்று நாம் போகும் அந்த ஊர், சென்ற ஐந்நூறு ஆண்டுகளாக யாருக்கெல்லாம் சோறிட்டது, யாரையெல்லாம் பசியில் விட்டது என்பதை அறிந்து போவோமானால், அங்கே உண்ணும் ஒரு கவளம் மீன்சோறும் வேறு பொருள் தரும் என்று நாம் கருதுகிறோம்.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கிறது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் வந்து கலந்து உப்பைக் குறைக்கும். கோடையில் கடல்நீர் முகத்துவாரம் வழியே புகுந்து உப்பைக் கூட்டும். இந்த ஏற்றத்தாழ்வில்தான் இறாலும் மடவையும் கொடுவாவும் நண்டும் வளர்கின்றன. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரியின் சமையலறை அடைபட்டது போலத்தான்.

இவ்வூரில் முஸ்லிம்கள் எப்போது குடியேறினர் என்று கேட்டால், உள்ளூரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்றுண்டு. புதிய கலீஃபாவுக்கு வாக்குறுதி அளிக்க மறுத்த அரபுக் குடும்பங்கள் நாடு கடத்தப்பட்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டில் படகுகளில் இக்கரையை அடைந்தனர் என்பது அச்செய்தி. முன்னோர் சொல்லை நாம் இகழ்வதில்லை. ஆயினும் பக்தாதில் அப்பாஸியக் கிலாஃபத்தே 1258இல் மங்கோலியரால் வீழ்ந்த நூற்றாண்டு அது என்பதையும் வரலாறு படிப்பவர் மறந்துவிடலாகாது. குடும்ப நினைவு ஒரு வகைச் சான்று. ஏட்டில் பதிந்த சாட்சியம் வேறொரு வகைச் சான்று. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளாமல் இரண்டையும் வைத்துக்கொள்வதே நேர்மை.

ஏட்டுச் சாட்சியம் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தெளிவாகக் கிடைக்கிறது. அதைத் தந்தவர்களுள் ஒருவர் விசித்திரமான மனிதர். இத்தாலியின் பொலோஞா நகரத்தைச் சேர்ந்த லுதோவிகோ தி வர்த்தேமா என்பது அவர் பெயர். முஸ்லிம் வேடம் பூண்டு 1503இல் மக்காவுக்குள் நுழைந்தவர். பின்னர்ப் பாரசீக வணிகர் ஒருவரைத் துணையாகக் கொண்டு இந்தியக் கடற்கரைகளைச் சுற்றினார். அவரது பயண நூல் 1510இல் உரோமாபுரியில் அச்சாயிற்று. இலங்கையிலிருந்து புறப்பட்டுப் பழவேற்காட்டை அடைந்ததாகவும், அங்கே முஸ்லிம் வணிகர்கள் பலர் இருந்ததாகவும், அவர்களுள் ஒருவர் வீட்டிலேயே தாம் தங்கியதாகவும் அதில் எழுதியுள்ளார். தம்மிடம் பவளமும் குங்குமப்பூவும் விற்பனைக்கு உள்ளதை அறிந்து வீட்டுக்காரர் மகிழ்ந்தார் என்கிறார். அவ்வூரில் கோதுமை விளையாது, அரிசி மிகுதி என்றும் ஒரு வரி சேர்க்கிறார். கிழக்குக் கடலில் அவர் சொன்ன பயணங்கள் அனைத்தையும் அவர் மேற்கொண்டாரா என்று ஐயுறும் ஆய்வாளர்கள் உண்டு. எனினும் முஸ்லிம் வணிகர் நிறைந்த துறைமுகமாகப் பழவேற்காட்டை அவர் காட்டுவதைப் பொய்யென்று தள்ள முடியாது. சில ஆண்டுகளுக்குப் பின் எழுதிய போர்த்துக்கீசியரான துவார்த்தே பர்போசாவும், முஸ்லிம்களும் பிற சமயத்தாரும் கூடி வாழ்ந்த விஜயநகர அரசின் துறைமுகமாகவே இதனைச் சொல்கிறார். பெகு நாட்டின் மாணிக்கக் கற்கள் இங்கே விலைபோயின என்கிறார்.

ஆக, "பழவேற்காட்டில் எங்கே சாப்பிடலாம்?" என்ற கேள்விக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துப் பதில், "ஒரு முஸ்லிம் வீட்டில்" என்பதே. உணவு விடுதிகள் இல்லாத காலம் அது. கப்பலில் வந்தவன் வணிகர் வீட்டுத் திண்ணையிலோ பள்ளிவாசலின் நிழலிலோதான் இறங்குவான். வர்த்தேமாவுக்கு இடங்கொடுத்த அந்த மரைக்காயரோ லெப்பையோ யார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. வந்தவன் வேடதாரி என்று அவர் அறிந்திருக்க வழியில்லை. விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை ஈமானின் அடையாளமாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிச் சென்றதை அறிந்தவர் செய்யக்கூடியதை அவர் செய்தார். விருந்தாளியின் வஞ்சகம் விருந்தாளியோடு போயிற்று.

அக்காலத்தில் பழவேற்காட்டின் பெரும் செல்வம் துணி. இங்கிருந்து மலாக்காவுக்கும் சாவகத்துக்கும் சென்ற வண்ணத் துணிகளுக்கு ஈடாகக் கிராம்பும் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் வந்து இறங்கின. நம் சகோதரர்கள் கட்டும் கட்டம் போட்ட கைலியை மலாய் மக்கள் இன்றும் 'காயின் பெலேகாட்' என்கின்றனர். பழவேற்காட்டுத் துணி என்று பொருள். கடல் கடந்த மெக்சிகோவில் கழுத்தில் கட்டும் கைக்குட்டைக்குப் 'பாலியகாத்தே' என்று பெயர். அதுவும் இவ்வூரின் பெயர்தான். ஓர் ஏரிக்கரை ஊர் இரண்டு கண்டங்களின் உடுப்பில் தன் பெயரைத் தைத்து வைத்திருக்கிறது; நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது!

துணியின் மறுபக்கம் நறுமணப் பொருள். நிக்காஹ் வீட்டுப் பிரியாணித் தேக்சாவைத் திறந்தவுடன் மூக்கைத் தொடும் ஜாதிபத்திரி வாசம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. அது வந்த வழியில் இரத்தம் இருக்கிறது. டச்சுக்காரர் 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். 1612இல் போர்த்துக்கீசியர் அதனைத் தாக்கி அழித்தனர். 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்குமான டச்சு ஆட்சி இங்கிருந்தே நடந்தது. ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளை அதே டச்சுக் கம்பெனி 1621இல் கைப்பற்றியபோது, அத்தீவு மக்களுள் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டனர், அல்லது பட்டினியால் மாண்டனர், அல்லது நாடு கடத்தப்பட்டனர். பின்னர் அடிமைகளைக் கொண்டே அங்கே தோட்டங்கள் நடத்தப்பட்டன.

அடிமைகள் எங்கிருந்து வந்தனர் என்ற கேள்வி மறுபடியும் நம்மைப் பழவேற்காட்டுக்கே கொண்டு வருகிறது. பதினேழாம் நூற்றாண்டில் மழை பொய்த்தும் போர் மூண்டும் பஞ்சம் வந்த ஆண்டுகளில், பசி பொறுக்காத மக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றனர். டச்சுக் கப்பல்கள் பழவேற்காட்டிலிருந்தும் இக்கரையின் பிற துறைகளிலிருந்தும் அவர்களை ஏற்றிக்கொண்டு பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குச் சென்றன. 1646ஐ ஒட்டி வந்த பஞ்சத்தில் சென்னையிலும் சாந்தோமிலும் பழவேற்காட்டிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மீன் துள்ளும் ஏரிக்கரையில் சோற்றுக்கு வழியின்றி மனிதன் மனிதனை விற்றான் என்பதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. ஏரியில் மீன் இருந்தும் ஏன் பசி என்று கேட்கலாம். மீன் அரிசிக்கு ஈடாகாது. உள்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிக் கரைக்கு ஓடி வந்தவர்களிடம் வலையும் இல்லை, படகும் இல்லை, மீன்பிடிக்கும் உரிமையும் இல்லை.

அவ்வூரில் டச்சுக்காரர் விட்டுச்சென்ற கல்லறைத் தோட்டத்தை இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கின்றனர். வாயிற்புறத்தில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கற்களில் கம்பெனி அதிகாரிகளின் பெயர்கள் அழகாக வெட்டப்பட்டுள்ளன. கப்பலேற்றப்பட்டவர்களுக்குக் கல் இல்லை.

உரிமை என்று சொன்னோம். பழவேற்காட்டு மீனவர்களிடையே 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு இருக்கிறது. ஏரியில் மீன்படும் இடங்களை ஊர்க்கட்டுப்பாட்டின்படி முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்று உனக்கு இந்த இடம், நாளை எனக்கு. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. பட்டினவர் சமூகத்தின் முறை அது. அதற்குள் வராத பிற மீன்பிடிப்போருக்கு அதில் மனக்குறைகளும் உண்டு. ஆயினும் பொதுச் செல்வத்தை வல்லவன் ஒருவனே வாரிக்கொள்ளாதபடி தடுக்கும் ஒரு நீதி அதில் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் அனைவரும் கூட்டாளிகள் என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் வகுப்பில் விளக்கும்போது, பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டு முறையையே எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

இனி நண்டுக்கும் இறாலுக்கும் வருவோம். இது வெறும் சுவைப் பிரச்சினையாக இருந்திருந்தால் நாம் இத்தனை நீட்டியிருக்க மாட்டோம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வளர்ந்தபின் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த சகோதரர்கள் நம் பள்ளிவாசல் வரிசைகளில் நிற்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். நம் கடற்கரை ஊர்களிலோ ஷாஃபிஈ மத்ஹபு வேரூன்றியது. யமன், ஹள்ரமவ்த் கரைகளோடும் மலாய் நாட்டோடும் இருந்த கடல்தொடர்பின் அடையாளம் அது. உள்நாட்டுத் தமிழ் முஸ்லிம்களிடையே ஹனஃபிகள் மிகுதி. இவர்கள் எல்லோரும் ஒரே ஸஹனில் உட்காரும்போது நண்டுக்குழம்பு வந்தால் ஒருவர் கை நீளும், மற்றவர் கை நின்றுவிடும்.

ஹனஃபி இமாம்களின் நிலைப்பாடு, நீர்வாழ்வனவற்றுள் மீன் மட்டுமே ஆகும் என்பது. நண்டு மீன் அல்ல என்பதால் ஆகாது. இறால் மீனா இல்லையா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அரபு அகராதி அறிஞர்கள் அதனை மீன்வகையில் சேர்த்ததைக் கொண்டு ஆகும் என்றவர்கள் பலர், பேணுதலுக்காக விலகியவர்கள் சிலர். ஷாஃபிஈ மத்ஹபிலோ கடலில் மட்டும் வாழும் உயிர் எந்த வடிவில் இருந்தாலும் ஆகும். நிலத்திலும் நீரிலும் வாழ்வனவற்றில்தான் சிக்கல். இமாம் நவவி (ரஹ்) தமது 'மின்ஹாஜ்' நூலில் தவளையோடு நண்டையும் ஆகாதவற்றில் வைக்கிறார். 'மஜ்மூஃ' நூலில் கடல்வாழ் உயிர்களைப் பற்றி இன்னும் விரிந்த பார்வை கொள்கிறார். பின்வந்தோர் இதைக் கொண்டு, எந்த நண்டு என்று பிரித்துப் பார்த்தனர். கடலிலேயே நீந்தித் திரியும் நண்டு கரைக்கு வந்தால் விரைவில் செத்துவிடும். பழவேற்காட்டுச் சந்தையில் கால் கட்டி வைத்திருக்கும் பச்சை நண்டோ சேற்றில் வளை தோண்டி வாழ்வது. நீரைவிட்டு எடுத்தபின்னும் நெடுநேரம் உயிரோடு இருக்கும். எனவே "நண்டு ஆகுமா?" என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் கேட்பவர், எந்த மத்ஹபு, எந்த நண்டு என்பதையும் சொல்லிக் கேட்க வேண்டும், தம் ஊர் ஆலிமிடம் கேட்டு நடப்பதே ஏற்றது. தம் தட்டில் இல்லாததை அடுத்தவர் தட்டில் கண்டு முகம் சுளிப்பதை மட்டும் எந்த மத்ஹபும் கற்பிக்கவில்லை.

கடல் உணவின் வரலாற்றில் ஒரு நிகழ்வை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு தோழர்கள் கடற்கரை நோக்கி அனுப்பப்பட்டனர். கையிலிருந்த பேரீச்சம்பழம் குறைந்து குறைந்து ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பழம் என்றாகி, பின் அதுவும் தீர்ந்தது. முள்மரத்தின் இலைகளை உதிர்த்து உண்டனர். அப்போது கடல் ஒரு மலைபோன்ற மீனைக் கரையில் ஒதுக்கிற்று. செத்தது ஆயிற்றே என்று தளபதி முதலில் தயங்கினார், பின்பு அனுமதித்தார். பல நாட்கள் அதனை உண்டு உடல் தேறினர். மதீனா திரும்பிச் சொன்னபோது, நபியவர்கள் அதில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கித் தாமும் உண்டார்கள். ஜாபிர் (ரலி) அறிவித்து புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. தோழர்களின் மனத்தில் கடுகளவு ஐயமும் தங்கிவிடக்கூடாது என்றே அண்ணலார் கேட்டு உண்டார்கள் என்று அறிஞர்கள் விளக்குவர். கடலோரத்தில் பசித்தவர்களுக்கு வந்த ரிஜ்க் அது.

குடிப்பதைப் பற்றியும் ஒரு சொல். ஏரிக்கரையின் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டு போவதே நன்று. டச்சுக் கப்பல்களில் வேலையாட்களுக்குப் படியளந்த மதுவுக்கு 'அரேக்' என்று பெயர். அது 'வியர்வை' என்னும் பொருள்கொண்ட 'அரக்' என்ற அரபுச் சொல்லின் திரிபு. வடிகலத்தில் துளித்துளியாக வியர்த்து இறங்குவதால் அப்பெயர். நாம் விலக்கிய பொருளுக்கு நம் வேத மொழியின் சொல் போய் ஒட்டிக்கொண்டது காலத்தின் வேடிக்கை! காப்பியின் கதை இதற்கு நேர்மாறு. 'கஹ்வா' யமனின் சூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்க அருந்தியது. 1511இல் மக்காவில் கைர் பேக் என்ற மம்லூக் அதிகாரி அதனைத் தடைசெய்தார், அத்தடை நிலைக்கவில்லை. பாபா புதன் என்னும் பெரியவர் பதினேழாம் நூற்றாண்டில் யமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது செவிவழிச் செய்தி. அம்மலைத்தொடர் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. பழவேற்காட்டுச் சாலையோரத் தேநீர்க்கடையில் ஒரு குவளை காப்பி கேட்கும்போது, அதற்கு இவ்வளவு முன்கதை உண்டு.

1824இன் ஆங்கில-டச்சு உடன்படிக்கைக்குப் பின் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதற்குள் வணிகம் சென்னைக்குப் போய்விட்டது. மிஞ்சியது மீனும் கால்வாயும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டத் தொடங்கிய கால்வாய், பழவேற்காடு ஏரியைச் சென்னையோடு இணைத்தது. உப்பும் விறகும் மீனும் படகில் போயின. 1876-78இன் பெரும் பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்களுக்குக் கூலி தரும் வேலையாக, சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது; அன்றைய ஆளுநரின் பெயரால் கால்வாய்க்குப் 'பக்கிங்காம்' என்று பெயராயிற்று. கும்மிடிப்பூண்டி வழியே விஜயவாடாவுக்கு 1899இல் இருப்புப்பாதை வந்தபின் சரக்கு மெல்ல இரயிலுக்கு மாறிற்று. இன்று அக்கால்வாய் பல இடங்களில் சாக்கடை.

ஊரில் முஸ்லிம்களின் தடம் அழிந்துவிடவில்லை. பெரிய பள்ளிவாசலும் சின்னப் பள்ளிவாசலும் இருக்கின்றன. தொழுகை நேரம் அறியப் பயன்பட்ட சூரியக் கடிகாரத்தைச் சின்னப் பள்ளிவாசலில் காணலாம். நம் சகோதரிகள் பனையோலையில் பெட்டிகளும் கூடைகளும் பின்னுகின்றனர். நிக்காஹ், அகீகா விருந்துகளில் இனிப்பும் பேரீச்சையும் வைத்துக் கொடுக்க நெகிழிப் பெட்டிகளை நாடுவோர், இந்த ஓலைப்பெட்டிகளை ஒருமுறை வாங்கிப் பார்க்கலாம். நகரத்துக் கடையில் பேரம் பேசாமல் பணம் தரும் நாம், ஓலை கிழித்துக் கை கிழிந்த பெண்ணிடம் பத்து ரூபாய்க்கு வாதாடுவது அழகன்று.

ஏரியின் இன்றைய நிலை கவலை தருவது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துகொண்டே இருக்கிறது. எண்ணூரின் அனல்மின் நிலையங்களும் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டமும் தங்கள் வலையை வெறுமையாக்கிவிடும் என்று மீனவர்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். தொழிற்சாலை நமக்கும் சோறு போடுகிறது என்பது மெய். கும்மிடிப்பூண்டியில் வாழும் எவரும் அதை மறுக்க முடியாது. ஒருவர் சோற்றை எடுத்து மற்றவர்க்கு இடும் கணக்காக அது ஆகிவிடுமோ என்பதே மீனவர்களின் அச்சம். ஊரின் பழைய கதையைப் படித்தவருக்கு அந்த அச்சம் புதிதாகத் தோன்றாது.

இனிப் போகிறவர்களுக்கு. கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார இரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு சேரலாம். காலையில் போனால் சந்தையில் புதிய மீன் கிடைக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். கடையில் உண்பதானால் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள், கோழியை அறுத்தவர் யார் என்று தயங்காமல் கேளுங்கள். மீனில் அறுப்புக் கேள்வி இல்லை என்பதால் கடலோர ஊரில் மீனே நிம்மதி. மிஞ்சிய உணவையும் நெகிழித் தட்டையும் ஏரியில் எறிந்துவிட்டு வராதீர்கள். ஏரியில் சவாரிக்கென்று யார் அழைத்தாலும் படகில் ஏறாதீர்கள்: 2011 டிசம்பர் 25 அன்று குடும்பத்தோடு உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து, பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் அங்கே உயிரிழந்தனர். லுஹரையும் அஸரையும் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, இருட்டும் முன் பொன்னேரிப் பேருந்தைப் பிடித்துவிடுங்கள்.